தோற்றவருக்கும் ஒரு கவர்

ஒன்பதாம் நம்பர் பந்து குழியின் விளிம்பில் வந்து நின்றுவிட்டது. விழவில்லை. ஒரு கொசு பின்னால் வந்து தும்மியிருந்தால் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் மைக்கில் நான் என்ன சொன்னேன் என்பதைப் பிற்பாடு வீடியோவில் கேட்டுப் பார்த்தேன்: "சென்னை மாநகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது! அடையாறு பாலத்தில் வண்டிகள் ஓடவில்லை! மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்க மனமில்லாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது!" அப்போது நேரலையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நானூற்றுப் பதினோரு பேர். அதில் ஒருவர் என் மனைவி. அவளும் ரசம் தாளித்துக்கொண்டே பார்த்தாளாம்.

நிஷா குனிந்த முதுகை நிமிர்த்தி, கையிலிருந்த கோலை ஒரு தரம் பார்த்தாள். அதன் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டவள் மாதிரி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்த்து ஆடிய பரத்வாஜ் எழுந்து வந்து, தூங்கும் குழந்தையின் மேல் போர்வையைச் சரிசெய்வதுபோல அந்தப் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விட்டான். ஒன்பதுக்கு எட்டு. முடிந்தது.

ஆட்டம் எளிமையானதுதான். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். கோலால் வெள்ளைப் பந்தைத் தட்டி, அதைக் கொண்டு இவற்றை வரிசைப்படிதான் அடிக்க வேண்டும். ஒன்பதாவதைக் குழியில் போடுகிறவருக்கு அந்தச் சுற்று. முதலில் ஒன்பது சுற்று எடுத்தவருக்கு ஆட்டம். எனக்கே இது எட்டு மாதத்துக்கு முன்னால்தான் தெரியும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்புக்கு எதிர்வாடையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஷோயப் என்கிற இளைஞன் பூல் பார்லர் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு போட்டி. அதை அப்படியே யூடியூபில் விடுவான். வருகிறவர்கள் பைக்கையெல்லாம் எங்கள் கேட்டை அடைத்து நிறுத்துகிறார்கள் என்று சண்டை போடத்தான் நான் முதல்முதலாக அந்த மாடிக்கு ஏறினேன். மூச்சு விடாமல் பன்னிரண்டு நிமிடம் திட்டினேன். ஷோயப் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்: "அங்கிள், இன்னிக்கு கமென்ட்ரி பண்றவன் வரல. உங்களுக்கு நல்லா வாய் வருது. ஒரு மணி நேரம் பேசறீங்களா?"

தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் பேசுவதற்குக் கம்பி இழுத்துக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கே ஒரு மைக் கிடைத்தால் விடுவேனா?

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் ஷோயப் காமிரா முன்னால் பரத்வாஜின் கையில் பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்தான். கைதட்டினோம். காமிரா அணைந்த பிறகு, வழக்கம்போல ஒரு கவரை என் சட்டைப் பையில் செருகினான். ஆயிரத்து ஐநூறு. எட்டு மாதமாக வாங்கி வருகிறேன். நிஷாவைத் தேடினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியையும் மறந்து பின்னாலேயே ஓடினேன். அதாவது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

"நிஷா, நில்லும்மா! என்ன ஆட்டம்டீ அது! ரெண்டுக்கு எட்டுன்னு கிடந்தவ, எட்டுக்கு எட்டுன்னு கொண்டுவந்து நிறுத்திட்டியே. உலக சரித்திரத்துலயே…"

"உலகத்த உடு மாமா." கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஆட்டிக் காட்டினாள். "இது கீது பாரு. இதான் இன்னிக்கு எனக்கு வந்தது."

"ஷோயப் ஒண்ணும் குடுக்கலையா?"

"தோத்தவளுக்கு இன்னா குடுப்பாங்க? நானு ஐநூறு ரூபா என்ட்ரி கட்டிட்டுதான் ஆடுனேன். ஞாயித்துக்கெழம பைக்ல சவாரி ஓட்னா ஆயிரத்து இருநூறு வரும். அதுவும் பூட்ச்சி. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூறு அவுட். சரி, நீ இன்னா வாங்கின?"

கவர் சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஏதோ வலிப்பதுபோலக் கையை வைத்து மறைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மறைக்காத மாமா, பரவால்ல. நீ நல்லாத்தான் பேசற. எங்கம்மா போன்ல கேட்டுட்டு, அந்தப் பெருசு உடற டூப்புக்கே துட்டு குடுக்கலாம்னு சொல்லிச்சு. குடுத்துட்டாங்க, அவ்ளோதான்."

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் உங்க ரெண்டு பேருக்கும்தானேம்மா ஆட்டம்? பரத்வாஜே மறுபடி உன்னோட மோதணும்னு கேட்டிருக்கானே."

"நான் வர்ல. மூணு ஆட்டம் தோத்துட்டேன். மூணும் கடசி ரவுண்டுல. ஜெயிக்கறதுக்குன்னா கடன் வாங்கியாவது வரலாம். தோக்கறதுக்குத் துட்டு கட்ட என்னாண்ட இல்ல மாமா." வண்டியை உதைத்தாள். கண்ணகி நகர் வரைக்கும் அவள் போக வேண்டும். அவள் பிறந்தது அடையாற்றங்கரையில், நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அவளுக்குப் பத்து வயதில் குடிசைகளைக் காலிசெய்து அங்கே அனுப்பிவிட்டார்கள். பிறகு தி. நகரில் ஒரு ஸ்னூக்கர் கிளப்பில் மூன்று வருடம் ரசீது போடும் வேலை. காலை வேளைகளில் ஆள் வரமாட்டார்களாம். சும்மா கிடந்த மேசையில் அவளாக அடித்துப் பழகியதுதான் இந்த ஆட்டம்.

வீட்டுக்கு வந்து கவரை வழக்கம்போல மனைவி சுப்புலக்ஷ்மியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் பீரோவில் வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன குடுத்தா?"

"தண்ணி பாட்டில்."

"பேசினவருக்குக் கவர், ஆடினவளுக்குத் தண்ணியா? ஏன்னா, உங்க சபாவுல பாடறவாளுக்குத் தொண்டை கட்டிண்டுடுத்துன்னா, வயலின்காரருக்குக் கவர் கிடையாதுன்னு சொல்லியிருக்கேளா?"

"ஒருநாளும் சொன்னதில்லை."

"ஆமா, சொன்னதில்லை. ஒளிஞ்சுண்டேள்."

இதை நான் உங்களிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு நான் பத்தொன்பது வருடம் துணைச் செயலாளர். பெரிய பாடகர்களுக்குக் கவர் கொடுப்பதில் எந்தக் குறையும் வைத்ததில்லை. மேடையிலேயே, தட்டில் வைத்து, ஃபோட்டோவோடு. பக்கவாத்தியக்காரர்களுக்கு மட்டும் கச்சேரி முடிந்த பிறகு. அதில் ஒரு வசதி உண்டு. கச்சேரி முடிந்த பிறகு செயலாளர் கண்ணில் பட மாட்டார். ஒரு டிசம்பரில் ஒரு மிருதங்கக்காரர் இருநூறு ரூபாய் பாக்கிக்காக என்னைத் தேடி கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுப்புலக்ஷ்மியைக் கேட்டால் பத்து நிமிடம் என்பாள். முக்கால் மணி நேரம்தான். இந்த ஒரு விஷயத்தில் நான் மிகைப்படுத்தவில்லை. அண்டா சுட்டது இன்னும் முழங்கையில் இருக்கிறது. மத்தியான நேரத்தில் பாடுகிற சின்னஞ்சிறுசுகளுக்கோ கவரே கிடையாது. "எங்க சபாவுல பாடினேன்னு நாலு எடத்துல சொல்லிக்கலாமே, அதைவிடப் பெரிய சன்மானம் உண்டா?" என்று அவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவேன்.

மறுநாள் காலை பார்லருக்குப் போனேன். ஷோயப் மேசைத்துணியின் மேல் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"தோத்தவங்களுக்கும் ஏதாவது குடுக்கப்படாதாப்பா?"

"அங்கிள், கேம் அப்படித்தான். ஜெயிக்கறவன் எடுத்துக்கறான். எல்லா ஊர்லயும் அதான்."

"பாக்கறவங்க ரெண்டு பேரையும்தானே பாக்கறாங்க?"

"ஆனா நெனச்சுப் பாருங்க, எங்க சேனல்ல வந்தா அவங்களுக்கு எவ்ளோ பேர் கெடைக்குது. நாலு எடத்துல சொல்லிக்கலாம்ல?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாடகம் எழுதியவன் எதிரிலேயே ஒருவன் வந்து அந்த நாடகத்தின் வசனத்தை ஒப்பித்தால் எப்படி இருக்கும்! ஒரு சொல் பிசகவில்லை. முதுகில் தட்டாததுதான் பாக்கி.

ஷோயப் கெட்டவன் இல்லை. பிரியாணிக்கடைக்காரர் விளம்பரத்துக்குப் பத்தாயிரம் தருகிறார், ஹெல்மெட் கடைக்காரர் ஐயாயிரம். பார்க்கிறவர்கள் அன்பளிப்பாக அனுப்புவது இரண்டாயிரம் தேறும். அதில் பரிசு போக, காமிரா வாடகை போக, எனக்குப் போக, அவனுக்கு மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் கடைக்குள் வேறு வாடிக்கையாளரை விட முடியாது. இதையெல்லாம் அவனே சொன்னான். சொல்லிவிட்டுப் போனை எடுத்து ஒரு கோட்டுப் படத்தையும் காட்டினான். பார்வையாளர் எண்ணிக்கை. ஆரம்பத்தில் தொண்ணூறு பேர். பரத்வாஜ் எட்டுச் சுற்று எடுத்தபோதும் நூறைத் தாண்டவில்லை. நிஷா ஒவ்வொரு சுற்றாகப் பிடுங்க ஆரம்பித்த இடத்திலிருந்து கோடு எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டியின் ஏணி மாதிரி நேரே மேலே போனது.

"இந்த முந்நூறு பேரைக் கூட்டிண்டு வந்தது யாருப்பா?"

அவன் படத்தையே பார்த்தான். பிறகு பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு, "யோசிக்கறேன் அங்கிள்" என்றான்.

யோசிக்கிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் பத்தொன்பது வருடம் யோசித்தவன்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னறிவிப்பாக ஐந்து நிமிடம் நேரலையில் பேசச் சொல்லியிருந்தான். நல்லபிள்ளையாகத்தான் ஆரம்பித்தேன். பரத்வாஜின் கோல் பர்மா தேக்கு என்றேன். நிஷாவின் கண்பார்வைக்கு மெரினாவில் நின்றால் அந்தமான் தெரியும் என்றேன். இதெல்லாம் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்ததை நான் யோசித்துச் சொன்னதாக ஷோயப் இன்றுவரை சாதிக்கிறான். தானாகத்தான் வந்தது.

"நேயர்களே! பூல் சரித்திரத்தில் முதல் முறையாக! இந்த மேசையில் ஆடுகிற இரண்டு பேருக்கும், ஜெயித்தாலும் தோற்றாலும், முதல் பந்தை அடிப்பதற்கு முன்னாலேயே கையில் கவர்! என்ட்ரி கட்டணம் இனிமேல் கிடையாது!"

காமிராவுக்குப் பின்னால் ஷோயப், மேசைத்துணியின் பச்சை நிறத்துக்கு வந்துவிட்டான். திரையில் கேள்விகள் ஓடின. நிஷா ரைடர் என்கிற பெயரிலிருந்தும் ஒன்று வந்தது: "டூப்பா நெஜமா? எவ்ளோ?"

"அந்தத் தொகையை," என்றேன், "நம் அமைப்பாளர் ஷோயப் அவர்களே தன் திருவாயால் அறிவிப்பார்." மைக்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

நாற்பத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எச்சிலை விழுங்கியது மைக்கில் கேட்டது. "ரெண்டாயிரம்…" என்றான். நான் காமிராவுக்கு இந்தப் பக்கம் நின்று, மேளக்காரருக்குச் சொல்வதுபோல, இன்னும் கொஞ்சம் ஏற்று என்று கையைக் காட்டினேன். "…ஐநூறு" என்று முடித்தான்.

நேரலை அணைந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னக் கொன்னுட்டீங்க அங்கிள். எங்கேர்ந்து எடுப்பேன்?"

"எனக்கு எழுநூறு குடு போதும்."

"ஆயிரம் குடுக்கறேன். எழுநூறுக்கு உங்கள மாதிரி பொய் சொல்ற ஆள் இந்த ஊர்ல கெடைக்காது." சுவரில் ஸ்கோர் எழுதுகிற வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான். இருவருக்கும் தலைக்கு இரண்டாயிரத்து ஐநூறு. ஜெயித்தவருக்கு அதற்கு மேல் பத்தாயிரம் கொடுத்தால் கடையை விற்க வேண்டும். அதை நாலாயிரத்து ஐநூறாகக் குறைத்தால் மூச்சு விடலாம். ஆனால் பரத்வாஜ் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் வாங்கிப் பழகிய கை. ஷோயப் அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விஷயத்தைச் சொன்னான். கந்தன்சாவடியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன், மாதச் சம்பளக்காரன்.

"சங்கரன் சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன்பா" என்றேன்.

"சார், இது கமென்ட்ரில வரக்கூடாது. போன வருஷம் வரிசையா நாலு ஆட்டம் தோத்தேன். நாலு தடவையும் வழியில ஏடிஎம்ல ரெண்டாயிரம் எடுத்து, இந்தா ஆறுதல் பரிசுன்னு வீட்ல குடுத்தேன். சும்மா கையோட போனா, இந்த வயசுல என்ன வெளையாட்டுன்னு கேப்பாங்க சார்." பிறகு ஷோயபிடம் சொன்னான்: "எனக்கு ஓகே. குறைச்சுக்கோங்க."

ஷோயப் பலகையில் எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கடைசியாக ஒரு வரி சேர்த்தான்: பார்வையாளர் அன்பளிப்பில் பாதி, இருவருக்கும் சமமாக. அதை நான் சொல்லவில்லை.

"நாலு வாரம் பாக்கறேன்," என்றான். "தாங்கலன்னா பழையபடிதான். அதையும் நீங்களேதான் லைவ்ல சொல்லணும். பேச்சு மாறக்கூடாது." ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை காலை சுப்புலக்ஷ்மி இரண்டு புதுக் கவர்களை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பசை போட்டு ஒட்டினாள். "சபாவுல வாங்கிண்டு போனவாளுக்கெல்லாம் இப்படித்தானே குடுத்தேள்" என்றாள். வாங்காமல் போனவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பரத்வாஜ் வந்து தன் கவரை வாங்கிக்கொண்டான். மூன்றுக்கு ஐந்து நிமிடம். நிஷா இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. ஷோயப் என்னைப் பார்த்தான். நான் சுவர்க்கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றேன். மூன்று மணி. வெள்ளைப் பலகையைக் காமிராவுக்குக் காட்டி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வாசிக்கிறவனுக்கு ஆயிரம் என்பதையும் வாசித்தேன். நாலு வரியை ஆறு நிமிடம் வாசித்தேன். இழுக்கிற வித்தை எனக்குத் தெரியும். ஏழாவது நிமிடம் படியில் சத்தம் கேட்டது.

"மந்தவெளில ஒரு சவாரிய எறக்கி உட்டுட்டு வந்துகினு கீறேன். டிராபிக்கு." ஹெல்மெட்டைக் கழற்றினாள். பலகையைப் படித்தாள். ஷோயப் நீட்டிய கவரை வாங்கி, எல்லார் முன்னாலும், காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிரித்து எண்ணினாள். ஐந்து ஐநூறு ரூபாய் நோட்டுகள்.

"ஆடாம இப்டியே எறங்கிப் போய்ட்டேன்னா இன்னா பண்ணுவ?"

"போயேன் பாப்போம்" என்றான் ஷோயப்.

"இந்த ஒரு ரூபா இன்னாத்துக்கு?"

"அது மாமி குடுத்தது" என்றேன்.

அவள் நாணயத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். கவரை மடிக்காமல் ஜீன்ஸின் பின்பையில் செருகிக்கொண்டு, கோலின் நுனியில் சாக்பீஸ் கட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்றைய ஆட்டத்தை முழுவதும் விவரித்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் சொல்வதை யாரும் நம்பாமல் போவது எனக்குப் பழக்கம்தான். மூன்றுக்கு ஆறு என்று பின்தங்கினாள், ஏழுக்கு ஏழு என்று வந்தாள், மறுபடியும் எட்டுக்கு எட்டு. பார்க்கிறவர்கள் அறுநூற்று எழுபது. இதில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை. கடைசிச் சுற்றில் மேசையில் வெள்ளைப் பந்தும் ஒன்பதும் மட்டும் மிச்சம். ஒன்பது அந்தப் பக்க ஓரத்தை ஒட்டிக் கிடந்தது. நேரே குழி இல்லை. வெள்ளையை ஒரு மூலையில் பத்திரமாக ஒளித்துவிட்டு, பரத்வாஜ் தடுமாறட்டும் என்று காத்திருக்கலாம். தோற்ற முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவள் அதைத்தான் செய்தாள்.

மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். என் எதிரே குனிந்தாள். பின்பையிலிருந்து மஞ்சள் மூலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஒளிக்கிற கோணத்தில் அவள் குனியவில்லை. ஒன்பதை ஓரத்தில் மோதவிட்டு, மேசை முழுக்கக் குறுக்கே ஓடவைத்து, இந்தப் பக்கத்துக் குழிக்கு வரவழைக்கிற அடி.

அடித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அடையாறு பாலம் வரவில்லை. விமானம் வரவில்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாக என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. திரையில் யாரோ, "மாமா, நெட் கட்டாயிடுச்சா?" என்று கேட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய பரத்வாஜ் தன்னை அறியாமல் எழுந்து, பந்து போகிற பக்கமாகவே சாய்ந்து நின்றான். ஷோயப் காமிராவை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தான். ஓரத்தில் மோதித் திரும்பிய அந்த ஒன்பது, வெள்ளையில் ஒரு மஞ்சள் பட்டையோடு, எங்கள் எல்லாரையும் கடந்து, பச்சைத் துணியின் மேல், அவசரமே இல்லாமல் குழியைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது.